எதற்கும் ஆகாத மேக்னெட்

பினாங்குத் தீவில், சூலியா தெருவில் ஹபீப் முகம்மதுவின் தேநீர்க் கடைக்குப் பின்கட்டில் ஒரு மரப்பெட்டி இருந்தது. ஒரு காலத்தில் தேயிலை வந்த பெட்டி. இப்போது அதற்குள் கிடந்ததெல்லாம் செத்துப்போன கார்களின் மின்சாரச் சாமான்கள். விளக்கு, ஹாரன், காயில், டைனமோ, மேக்னெட் என்று என்னென்னவோ. வாடகைக் கார் ஓட்டுகிற தமிழர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட பொதுப் பெட்டி அது. எவன் வண்டி பழைய இரும்புக்குப் போகிறதோ அவன் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்து அதில் போட்டுவிட வேண்டும். எவனுக்குத் தேவையோ அவன் எடுத்துக்கொள்ளலாம். விலை கிடையாது. அவர்கள் ஓட்டியதெல்லாம் வெள்ளைக்காரனும் சீன டவுக்கே முதலாளியும் ஓட்டி ஓய்ந்து தள்ளிவிட்ட கிழட்டு வண்டிகள். அவற்றுக்குக் கம்பெனியில் போய்ச் சாமான் கேட்டால் சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள்.

பெட்டிக்கு மூன்றே மூன்று சட்டங்கள். எல்லாம் வாய்ச் சட்டம்தான். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லார் முன்னாலும்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். இரண்டு, வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்து நின்றுபோன வண்டிக்குத்தான் முதல் உரிமை. எங்கேயோ கொட்டகையில் கிடக்கிற வண்டிக்கு உயிர் கொடுக்க நினைக்கிறவன் காத்திருக்க வேண்டும். மூன்று, எந்த வண்டிக்கும் ஆகாத சாமான் என்று தீர்ந்துவிட்டால், அதைப் பார்த்துச் சொன்னவன் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். உள்ளே இருக்கும் செப்புக் கம்பி அவனுக்குக் கூலி.

பார்த்துச் சொல்கிறவன் அய்யாக்கண்ணு. ஒரு சீன டவுக்கேயின் வீட்டில் இருபது வருஷம் கார் ஓட்டியவன். ஓட்டியதோடு நில்லாமல் அந்த வீட்டில் எந்த வண்டி படுத்தாலும் தானே பிரித்துத் தானே பூட்டுகிறவன். பெயர்த் தகடு தேய்ந்துபோன சாமானைக் கையில் கொடுத்தால் முகர்ந்து பார்ப்பான், சுழற்றிப் பார்ப்பான், நகத்தால் கீறிப் பார்ப்பான். பிறகு ஒரு வார்த்தைதான். "ஆகும்" அல்லது "ஆகாது." ஆகும் என்றால் எந்த வண்டிக்கு என்பதையும் சொல்லிவிடுவான். அதற்குமேல் அவனிடம் யாரும் கேட்டதில்லை. கோயில் பூசாரியிடம்கூட இரண்டாவது தடவை கேட்கிற ஆட்கள் அவர்கள். அய்யாக்கண்ணுவிடம் கேட்கமாட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதனுக்குத்தான் அந்தக் கெட்ட வருஷத்தில் வேலை போனது. ரப்பர் விலை விழுந்தது, ஈய விலை விழுந்தது, டவுக்கே பெரிய வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனிடம் போய்விட்டார். போகிறபோது கொட்டகையில் கிடந்த பழைய பிரெஞ்சு வண்டியைக் காட்டி, "உனக்கு வேணும்னா எடுத்துக்கோ" என்றார். பெரிய ஜெர்மன் சண்டைக்கு முந்திய காலத்து வண்டி. அய்யாக்கண்ணு அதை மாட்டு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு டத்தோ கெராமாட்டில் தன் வீட்டுக்குப் பக்கத்துச் சாய்ப்புக்குக் கொண்டுபோனான். தெருவே வேடிக்கை பார்த்தது. "மாடு இழுக்குற கிரித்தாலா!" என்று காரைக் காட்டிக் கத்திக்கொண்டு பையன்கள் பின்னாலேயே ஓடினார்கள்.

சிரிக்கட்டும். அவனுக்கு அது விளையாட்டு இல்லை. வேலை இல்லாத இந்தியர்களைச் சர்க்கார் இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. அய்யாக்கண்ணுவும் வேறு வழியில்லாமல் பெயர் கொடுத்திருந்தான். வெள்ளிக்கிழமைக் கப்பல். மனைவி தனலெட்சுமி பினாங்கிலேயே, ஆயர் ஈத்தாமில் பிறந்தவள். ஊர் ஊர் என்று மற்றவர்கள் சொல்கிற ஊரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே அவளுக்கு யாரும் இல்லை, அவனுக்கும் இருந்த ஒரே அண்ணன் செத்துப்போனான். அந்தப் பழைய வண்டியை ஓடவைத்து, புதன்கிழமை காலையில் பரிசோதனை ஆபீசில் காட்டி, வாடகைக்கு ஓட்டப் பெர்மிட் வாங்கிவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் கப்பல்தான்.

பிரேக்கைச் சரி செய்தான். விளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினான். அது எவனுக்கும் வேண்டாத அகலமான பழைய விளக்கு. டயருக்கு எங்கெங்கோ அலைந்தான். எல்லாம் ஆகி, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற மேக்னெட் மட்டும் இல்லை. இருந்தது உள்ளே கருகிக் கரிக்கட்டையாகிக் கிடந்தது. மேக்னெட் இல்லாத வண்டி வெறும் நாற்காலி, அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு சாக்கு வந்தது. தோட்டத்துத் துரையின் கார் ஆற்றில் விழுந்து நொறுங்கிப்போனதாம். அங்கே வேலை செய்கிற நம் ஆள் ஒருவன் சாமான்களைக் கழற்றிப் பெட்டிக்கென்று அனுப்பியிருந்தான். ஹபீப் முகம்மது பெஞ்சின்மேல் சாக்கைக் கொட்டினார். அய்யாக்கண்ணு ஒரு பக்கம் தனியாக உட்கார்ந்தான். எதிரே டிரைவர்மார்கள் தேநீரும் கையுமாக நின்றார்கள்.

மூன்றாவதாக அவன் கையில் எடுத்தது அந்த மேக்னெட். எடுத்ததுமே உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. பாரம், அடித்தகட்டின் அகலம், அச்சு நின்ற உயரம், எல்லாம் சொல்லிவைத்தாற்போல் இருந்தன. அட கடவுளே, வந்துவிட்டாயா என்று வாய்விட்டே சொல்லியிருப்பான்.

அதற்குள் எதிரேயிருந்து இஸ்மாயில் குரல் கொடுத்தான். "அண்ணே, அது நம்ம வண்டிக்கு ஆகும் போலிருக்கே?"

இஸ்மாயில் முப்பத்தைந்து வயதுக்காரன். பினாங்கு ரோட்டு ஸ்டாண்டில் கார் ஓட்டுகிறான். அய்யாக்கண்ணுவிடம் இருக்கிற அதே பிரெஞ்சு வண்டிதான் அவனிடமும் இருந்தது. தீவில் அந்தச் சாதி வண்டி மொத்தமே இரண்டுதான். அவன் வண்டியின் மேக்னெட் வியாழக்கிழமை நடுரோட்டில் புகைந்து நின்றுவிட்டது. ஆக, ஓடிக்கொண்டிருந்து நின்ற வண்டி அவனுடையது. சட்டப்படி சாமான் அவனுக்கு. இதைச் சொல்ல யோசனைகூட வேண்டாம்.

அய்யாக்கண்ணு யோசித்தான். இஸ்மாயிலுக்கு மச்சான் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான், நாலு மாசம் அங்கே போய் எச்சில் இலை எடுத்தாலும் பிழைத்துக்கொள்வான். நமக்கு யார் இருக்கிறார்கள்? வெள்ளிக்கிழமைக்கு எத்தனை நாள் இருக்கிறது? இந்த நினைப்பெல்லாம் ஒரு மடக்குத் தேநீர் குடிக்கிற நேரத்தில் வந்து போய்விட்டது.

மேக்னெட்டில் ஒரு சங்கதி உண்டு. சில வலது பக்கம் சுற்றினால் பொறி விடும், சில இடது பக்கம் சுற்றினால். மாற்றிச் சுற்றினால் பொறி விடாது, விட்டாலும் சோகையாக விடும். எந்தச் சுற்று என்பதை அச்சு முனை நம்மைப் பார்த்திருக்க வைத்துத்தான் சொல்ல வேண்டும். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். அய்யாக்கண்ணு எப்போதும் அச்சு முனையைக் கூட்டத்தின் பக்கம் நீட்டித்தான் காட்டுவான். ஏன் என்று அவர்கள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அன்றைக்கு முனையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். அதன் கம்பியை மேக்னெட்டின் உடம்போடு ஒட்டிப் பிடித்து அச்சை வெடுக்கென்று திருப்பினான். பளிச்சென்று நீலமாய்ப் பொறி. எதிரே நின்றவர்கள் கண்ணுக்கு அது இடது பக்கம் சுழன்றது.

"இடது சுத்து" என்றான். "உன் எஞ்சினு வலது சுத்து. ஆகாது தம்பி."

"நல்லா நீலமா வந்துச்சேண்ணே" என்றான் இஸ்மாயில் ஏக்கத்தோடு.

"நீலமா வந்து என்னலா பண்றது? திசை மாறிக் கிடக்கே."

வேறு எந்த வண்டிக்காவது ஆகுமா என்று ஹபீப் முகம்மது கேட்டார். மற்றவர்களுடையதெல்லாம் மேக்னெட்டுக்குப் பதில் காயில் வைத்த அமெரிக்க வண்டிகள். ஆகாது. எதற்கும் ஆகாத சாமான் பார்த்தவனுக்கு. ஹபீப் முகம்மதே அதைப் பழைய துணியில் சுற்றி அய்யாக்கண்ணு கையில் கொடுத்தார். "கம்பியாவது தேறும், எடுத்துட்டுப் போங்க" என்றார், பாவம்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, கொஞ்சம் திருப்பிப் பிடித்தேன், அவ்வளவுதானே என்று வழி நெடுக அய்யாக்கண்ணு தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான். நல்ல சமாதானம்தான். வீடு போய்ச் சேருகிற வரைக்கும் தாங்கியது.

செவ்வாய்க்கிழமை காலையில் மேக்னெட்டை மாட்டி முடித்தான். கைப்பிடியைச் சுற்றினான். இரண்டு தடவை இருமிய எஞ்சின் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டு ஓடியது. சாய்ப்புத் தகரமெல்லாம் அதிர்ந்தது. தனலெட்சுமி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "ஓடுது! ஐயோ, ஓடுதுங்க!" என்று அவன் தோளில் ஓர் அடி வைத்துவிட்டு, அழுதாளா சிரித்தாளா என்று தெரியாமல் நின்றாள். பிறகு உள்ளே போய்க் கப்பலுக்கென்று கட்டிவைத்த தகரப் பெட்டியைத் திறந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திருப்பி அடுக்கினாள். அந்தச் சத்தத்தை அய்யாக்கண்ணு வெளியே இருந்து கேட்டான். எஞ்சின் சத்தத்தைவிட அதுதான் அவனுக்கு இனித்தது. கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு கதையும் தயாராக வைத்திருந்தான். மேக்னெட்டின் பின் மூடிக்குள் பாயிண்ட் வைத்த ஒரு பித்தளை வட்டு இருக்கும். அதை எதிர்ச் சுற்று வட்டாக மாற்றி, உள் பல்லைக் கொஞ்சம் நகர்த்தினால் சுற்று மாறிவிடும். எங்கேயோ ஒரு வட்டு கிடைத்தது, மாற்றிவிட்டேன் என்றால் முடிந்தது. அந்த வித்தை சூலியா தெருவில் வேறு யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் எஞ்சின் ஆறிக் கிடந்தபோது இஸ்மாயில் சைக்கிளில் வந்து இறங்கினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அண்ணே! நல்லவேளை, வீட்டுல இருக்கீங்க." மூச்சு வாங்கிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். "ஃபெரி ஏறிக் கெப்பாலா பத்தாஸ் போயிட்டு வாரேன். அங்க ரைஸ் மில்லுல நம்ம மேக்னெட்டு மாதிரியே ஒண்ணு ரோசாக்காகி ஓடாமக் கெடக்குன்னு கேள்விப்பட்டேன். போய்ப் பாத்தா எல்லாம் கருகிப் போச்சு. சீன ஃபிட்டர்கிட்ட அழுதேன். நல்ல மனுசன்லா. இந்த வட்டு மட்டும் நல்லாருக்கு, வலது சுத்து, இத மாத்திப் பல்ல நகத்துனா உங்க இடது சுத்து மேக்னெட்டு வலது சுத்தாயிடும்னு சொல்லிக் குடுத்தாரு."

அய்யாக்கண்ணு பொட்டலத்தைத் தொடாமல் நின்றான். "அதுக்கு... என்கிட்ட ஏன் கொண்டாந்தே?"

"நல்லாக் கேட்டீங்க! நாளைக்கு உங்களுக்குத்தானே பரிசோதனை? உங்க எஞ்சினும் என் எஞ்சினும் ஒண்ணுதானே? அன்னைக்கு அது ஆகாதுன்னு நீங்க சொன்னப்ப எனக்கு என் கவலையே மறந்துபோச்சு. ஐயோ, அப்ப அண்ணனுக்கும் ஆகாதே, வெள்ளிக்கிழமை கப்பலாச்சேன்னுதான் நெனச்சேன். நீங்க போட்டுக்கங்க. எனக்கு அல்லா பாத்துக்குவான்."

வாசலில் தனலெட்சுமி வந்து நின்றாள். கையில் கோப்பிக் குவளை.

இஸ்மாயில் அதற்குள் திறந்து கிடந்த எஞ்சின் மூடிக்குள் எட்டிப் பார்த்தான். "அட, மாட்டியே வச்சிட்டீங்களா! ரெடியா இருக்கட்டும்னா?" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே மேக்னெட்டின் பின் மூடியைக் கிளிப்பை நெம்பிக் கழற்றினான். தன் வட்டை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். முகம் மெல்லச் சுருங்கியது.

"ரெண்டும் எதிரும் புதிருமா இருக்கும்னு அவரு சொன்னாரே. இது ஒரே மாதிரியில்ல இருக்கு?" இன்னொரு தடவை வைத்துப் பார்த்தான். தோளைத் தொங்கப் போட்டுவிட்டான். "தப்பானதத் தூக்கிட்டு வந்துட்டேண்ணே. இதுவும் இடது சுத்துதான் போல. அந்த ஃபிட்டரு மாத்திக் குடுத்துட்டான். சே, என்ன மடையன்லா நான், அங்கயே நல்லாக் கேட்டுப் பாத்திருக்கணும். உங்களுக்கு இருந்த ஒரு நாளும் வீணாப் போச்சு."

அவ்வளவுதான். அய்யாக்கண்ணு ஒன்றுமே செய்ய வேண்டாம். ஆமாம் தம்பி, தப்பானதுதான் என்று தலையை ஆட்டினால் போதும். இஸ்மாயில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். நாளைக்குப் பெர்மிட். அலமாரியில் பாத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அவன் தலை அசையவில்லை. தன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்காக இந்த மனிதன் கண்ணால் பார்ப்பதையும் நம்பமாட்டேன் என்கிறான். வட்டு இரண்டும் ஒன்றாக இருப்பது தெரிகிறது. ஆனால் அண்ணன் சொன்னது தப்பாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தன்னை மடையன் என்றான், முகம் தெரியாத ஃபிட்டரை ஏசினான். அய்யாக்கண்ணுவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நீ கொண்டாந்தது சரிதான்" என்றான். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "அதுவும் வலது சுத்து, இதுவும் வலது சுத்து. அன்னைக்கு நான் திருப்பிப் பிடிச்சுக் காட்டினேன். உனக்கு ஆகும்னு தெரிஞ்சேதான் ஆகாதுன்னு சொன்னேன். இன்னைக்குக் காலையில மாட்டி ஓட்டியும் பாத்துட்டேன்."

இஸ்மாயில் மட்கார்டின்மேல் உட்கார்ந்துவிட்டான். கையிலிருந்த வட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டிருந்தா நானே எடுத்துக்கங்கன்னு சொல்லியிருப்பேன்லா" என்றான் கடைசியில். "சட்டமாவது ஒண்ணாவது. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே."

அய்யாக்கண்ணு ஸ்பேனரை எடுத்தான். மேக்னெட்டைக் கழற்றி, அதே பழைய துணியில் சுற்றி நீட்டினான். இஸ்மாயில் வேண்டாம் என்று சொல்லுவான் என்று அவன் உள்மனசில் எங்கேயோ ஓர் ஆசை இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் இஸ்மாயில் எழுந்து, அதை வாங்கிச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போனபோது திரும்பிப் பார்ப்பானா என்று தெருமுனை வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தனலெட்சுமி கோப்பியை வாசலிலேயே கொட்டினாள்.

"ஏங்க சொன்னீங்க?" என்றாள். "அந்தாளுதான் நான் தப்பாக் கொண்டாந்துட்டேன்னு போறாரே, அப்படியே போக விட்டிருந்தா என்ன?"

"முடியல தனம்."

"பொய் சொல்றப்ப மட்டும் முடிஞ்சுதாக்கும்! பொய் சொன்னதுதான் சொன்னீங்க, அத முழுசாச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? இப்ப ரெண்டுங்கெட்டானா ஆக்கிட்டீங்களே. கப்பல்ல உங்க நேர்மையவா பொங்கித் திங்கறது?"

அவள் கேட்டதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவள் அழுதுகொண்டே அலமாரியிலிருந்து பாத்திரங்களை எடுத்து மறுபடியும் தகரப் பெட்டிக்குள் வைத்தாள். ஒவ்வொன்றாகப் போட்டாள், கேட்கட்டும் என்று போட்டாள்.

மறுநாள் காலை, விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இஸ்மாயில் வந்தான். சைக்கிளில் அதே துணி மூட்டை. முகம் உம்மென்று இருந்தது.

"ராத்திரியெல்லாம் உங்களத் திட்டிக்கிட்டே மாட்டுனேன்" என்றான். "ஓட மாட்டேங்குது. படார் படார்னு வெடிக்குது. எம்பொண்டாட்டி பயந்து பக்கத்து வீட்டுக்கு ஓடிட்டா."

"பல்லு ஒண்ணு தள்ளி மாட்டியிருப்பே" என்றான் அய்யாக்கண்ணு. "வா, நான் வந்து மாட்டித் தாரேன்."

"அதுக்குத்தான் வந்தேன். நீங்க கப்பல்ல போயிட்டா அடுத்த தடவ படுத்துக்கிச்சுன்னா நான் யாருகிட்டப் போறது? இந்த வண்டியத் தொறந்து பாத்த ஆளு பினாங்குல வேற யாரு இருக்கா?" இஸ்மாயில் மூட்டையை இறக்கி வண்டியின் மேல் வைத்தான். இன்னும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. "முதல்ல இதுல மாட்டுங்க. ஆபீசுல காட்டுங்க. பெர்மிட்டுக் கையில வந்ததும் அங்கயே கழட்டி என் வண்டிக்கு மாட்டணும். நீங்களே மாட்டணும்."

அய்யாக்கண்ணு கிட்டே வந்தான். கையெடுத்துக் கும்பிடப் போனான்.

"அதெல்லாம் வேணாம்ணே" என்று இஸ்மாயில் சட்டென்று தடுத்தான். "எனக்குக் கோவம் இன்னும் போகல. ஞாயித்துக்கிழம கடையில எல்லாருக்கும் முன்னால நீங்களே சொல்லிடணும். நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன்."

தனலெட்சுமி இரண்டு குவளை கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். தகரப் பெட்டி கட்டியபடியே இருந்தது. அவள் இனிமேல் எஞ்சின் சத்தத்தை நம்பி எதையும் எடுத்து அடுக்குகிறவளாக இல்லை.

பரிசோதனை ஆபீசில் அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார். ஹாரனை அழுத்தினார். பிரேக்கை மிதித்தார். ஸ்டார்ட் பண்ணு என்றார். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. "இவ்வளவு கிழட்டு வண்டிக்கு மேக்னெட் எங்கே பிடித்தாய்?" என்று கேட்டார். "நண்பர் கொடுத்தது" என்றான் அய்யாக்கண்ணு. பக்கத்தில் நின்ற இஸ்மாயில் தொண்டையைக் கனைத்தான். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

பெர்மிட் கிடைத்த வண்டி ஆபீஸ் வாசலிலேயே மறுபடியும் செத்தது. மேக்னெட்டைக் கழற்றிக்கொண்டு போய் இஸ்மாயிலின் வண்டியில் மாட்டி, பல்லைச் சரியாகச் சேர்த்துக் கொடுத்தான். அது அழகாக ஓடியது. அந்த வண்டியில் கயிற்றைக் கட்டித்தான் புதுப் பெர்மிட் வண்டியை டத்தோ கெராமாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அதே பையன்கள் மறுபடியும் பின்னால் ஓடி வந்தார்கள். "இப்ப கிரித்தாவ கிரித்தா இழுக்குதுலா!" என்று கத்தினார்கள். அய்யாக்கண்ணுவுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. வெள்ளிக்கிழமைக் கப்பலில் அவர்கள் பெயர் இல்லை. பெர்மிட் இருக்கிற வண்டி மேக்னெட் இல்லாமல் நின்றால் அது நின்றுபோன வாடகை வண்டிதான், அடுத்து வருகிற மேக்னெட்டுக்கு முதல் உரிமை அவனுக்கு. கப்பல் ஊதிப் போகிற சத்தம் கேட்டு அடங்கிய பிறகுதான் தனலெட்சுமி தகரப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹபீப் முகம்மது பெட்டியைத் திறக்குமுன் அய்யாக்கண்ணு எழுந்து நின்றான். நடந்ததைச் சொன்னான். சுற்றி வளைக்காமல், கப்பலைப் பற்றிய அழுகையெல்லாம் இல்லாமல் சொன்னான். எப்படித் திருப்பிப் பிடித்தான் என்பதைக் கையாலேயே காட்டினான். எந்த முனையிலிருந்து பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் அவர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டார்கள்.

ஹபீப் முகம்மது துணியால் பெஞ்சைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"இந்த ஒரு தடவதானா?" என்றார்.

"சத்தியமா இந்த ஒரு தடவதாங்க."

"அப்ப என் காயிலு?" என்று கேட்டான் தங்கராஜு. பழைய அமெரிக்க வண்டி வைத்திருக்கிற டிரைவர், அய்யாக்கண்ணுவின்மேல் உயிராக இருக்கிறவன். அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "போன வருசம் ஆகாதுன்னு சொல்லி எடுத்துட்டுப் போனீங்களே. அது?"

"அது நெசமாவே எரிஞ்சதுதான் தம்பி."

தங்கராஜு தலையை ஆட்டினான். நம்பினானா இல்லையா என்று அவன் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. நிரூபிக்க அந்தக் காயில் இப்போது எங்கே இருக்கிறது? கம்பியாக உருவி எப்போதோ போய்விட்டது. இத்தனை வருஷத்தில் "ஆகாது" என்று சொன்ன சாமான்களெல்லாம் அங்கே நிற்கிற ஒவ்வொருவன் மனசிலும் இப்போது திரும்பி வந்துகொண்டிருந்தன. அய்யாக்கண்ணுவுக்கு அது தெரிந்தது. என்ன சொல்லி மாற்ற முடியும்?

"இனிமே ஆகாத சாமானும் பெட்டியிலயே கெடக்கட்டும்" என்றான் இஸ்மாயில். "யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக வேணாம்." எல்லாரும் சரி என்றார்கள். அய்யாக்கண்ணுதான் முதலில் சொன்னான்.

பிறகு ஹபீப் முகம்மது பெட்டியைத் திறந்து மேலே கிடந்த ஒரு டைனமோவை எடுத்தார். யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். இஸ்மாயில் அதை வாங்கினான், புரட்டிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். அய்யாக்கண்ணுவின் முன்னால் வைத்தான்.

அய்யாக்கண்ணு அச்சு முனையை அவர்கள் பக்கம் திருப்பினான். சுழற்றினான். முகர்ந்தான். உள்ளே பிரஷ் தேயாமல் இருந்தது. யாருடைய வண்டிக்கு என்பதும் தெரிந்துவிட்டது.

"ஆகும்" என்றான். "தங்கராஜு, உன் வண்டிக்கு."

தங்கராஜு வந்து டைனமோவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டான். முன்பெல்லாம் அத்தோடு போய்விடுவான். இன்றைக்கு ஓரடி எடுத்து வைத்துவிட்டு நின்றான். சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்தது போல.

"மாட்டிப் பாத்துட்டு வந்து சொல்றேண்ணே" என்றான்.

ஹபீப் முகம்மது ஆறிப்போன தேநீரை எடுத்துவிட்டுச் சூடாக இன்னொன்றை அய்யாக்கண்ணுவின் முன்னால் வைத்தார்.

"பாத்துட்டு வா தம்பி" என்றான் அய்யாக்கண்ணு. "நான் இங்கதான் இருப்பேன்."